பிள்ளையின் குழப்படியும் பிள்ளை சாப்பிடும் சாப்பாடும்

(தாய்மார் கூட்டத்தில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துப் போட்ட களைப்போடு வந்திருக்கிறீங்க. நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருவோம்.

"இவன் சொன்ன சொல் கேக்கிறதில்ல, ஒரு இடத்துல இருக்கிறதில்ல, தொட்டதுக்கெல்லாம் கத்துறான்." லயத்துக்கு லயம் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. கண்ணூறு என்பார் ஒருவர். தாத்தா குணம் என்பார் இன்னொருவர். அடி போதாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது, இரவு தூங்கியதா என்று கேட்பவர்கள்தான் குறைவு.

சில பிள்ளைகளுக்குச் சில சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. பால்மா குடித்தால் சிலருக்கு வயிறு பொருமும், காற்றுப் பிரியும், தண்ணியாகப் போகும். பாலில் இருக்கும் சீனியை அந்தக் குடலால் செரிக்க முடியாததுதான் காரணம். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இன்னும் சிலருக்கு முட்டை, கச்சான், இறால் போன்றவற்றால் உடம்பு தடித்துச் சொறி வரும். மூன்று வயதுப் பிள்ளைக்கு "எனக்கு வயிறு இழுத்துப் பிடிக்குது" என்று சொல்லத் தெரியுமா? அழும், அடிக்கும், தட்டைத் தள்ளிவிடும். இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்த பிள்ளை காலையில் சிரித்துக்கொண்டா எழும்பும்?

ஒன்றை மறக்காதீங்க. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, கைவைத்தியம் பார்த்து நிற்க வேண்டாம். கிடைத்த வாகனத்தில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

இப்போது நம்ம வீட்டு விஷயம், தேத்தண்ணி. நாம் பறிக்கும் கொழுந்தை நாமே குறை சொல்வதா என்று கேட்பீங்க. குறை சொல்லவில்லை. களைத்து வந்தவருக்குத் தேத்தண்ணி தெம்பு கொடுப்பது அதில் இருக்கும் கஃபீன் என்ற பொருளால். பெரியவரின் தூக்கத்தைக் கலைக்கும் அதே பொருள், சின்ன உடம்பில் இன்னும் கூடுதலாக வேலை செய்யும். அந்தியில் ஒரு கோப்பை, ராத்திரி ரொட்டியோடு இன்னொரு கோப்பை குடித்த பிள்ளை பத்து மணிக்கும் விளையாடிக்கொண்டிருக்கும். விடியும் முன்னே நீங்க எழும்பி, தூக்கம் கலையாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைமடுவத்துக்கு ஓடுறீங்க. அங்கே அது மற்றப் பிள்ளையைக் கடித்துவிட்டது என்று ஆயம்மா சொன்னால், முதல்நாள் கோப்பையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. தேயிலையின் துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ரொட்டியும் தேத்தண்ணியும் ஒன்றாகவே உள்ளே போகும் வீடுகளில் இது பெரிய நட்டம். இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து போகும், சிடுசிடுக்கும், பாடத்தில் மனம் நிற்காது. சில பிள்ளைகள் மண்ணை, சுவர்ச் சுண்ணாம்பை, பச்சை அரிசியைத் தின்னும். மண் தின்னும் பிள்ளையை அடிக்காதீங்க, இரத்தத்தைப் பரிசோதிக்கக் கொண்டுபோங்க. பூச்சிக் குளிசையையும் தவறவிடாதீங்க, கொக்கிப்புழு இரத்தத்தைக் குடிக்கும். சின்னக் குழந்தைக்குப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றவே வேண்டாம். பெரிய பிள்ளைக்குக் கொடுப்பதானால் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, சாயம் குறைத்து, பகலில் கொடுங்க. கீரைக்கும் பருப்புக்கும் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

கடைச் சாமானைப் பற்றியும் கேட்டீங்க. சிவப்பு, மஞ்சள் கலர் போட்ட டொபி, ஐஸ் பக்கட், சோடா. இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் ஆறு வகைச் செயற்கைக் கலரும் ஒரு பாதுகாப்பு மருந்தும் மாறி மாறிக் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்து, 2007ல் முடிவை வெளியிட்டார்கள். சில பிள்ளைகளின் துடிதுடிப்பு கூடியது. எல்லாருக்கும் இல்லை, கூடியதும் பெரிய அளவில் இல்லை. ஆனாலும் 2010 முதல் ஐரோப்பாவில் அந்த ஆறு கலரில் ஒன்று இருந்தாலும் பெட்டியில் எச்சரிக்கை எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. நம்ம பிள்ளைக்கு அந்தக் கலரால் ஒரு சத்தும் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு கொய்யாப்பழம் வாங்கலாம். சீனிதான் பிள்ளையை ஆட்டிவைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஆராய்ந்து பார்த்ததில் அது சரிவரவில்லை. சீனி பல்லைக் கெடுக்கும், அது வேறு கதை.

இங்கேதான் எங்களுக்கு ஒரு பயம். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கே முட்டையை நிறுத்தினேன், பாலை நிறுத்தினேன் என்று வராதீங்க. கிரந்தி என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திய வீட்டை நாம் பார்த்திருக்கிறோம். வளர்ச்சி அட்டையில் அந்தப் பிள்ளையின் கோடு கீழே இறங்கியது, குழப்படி குறையவில்லை. பசித்த பிள்ளை எப்படி அமைதியாக இருக்கும்? ஒரு சாப்பாட்டின் மேல் சந்தேகம் இருந்தால், கிளினிக்கில் கேட்டு, அந்த ஒன்றை மட்டும் சில நாள் நிறுத்தி, பிறகு அவர்கள் சொன்னபடி திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வீக்கமோ மூச்சிழுப்போ வந்த சாப்பாட்டை வீட்டில் திரும்பக் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

எல்லாக் குழப்படிக்கும் சாப்பாடு காரணமுமில்லை. காது சரியாகக் கேட்காத பிள்ளையும் சொல் கேட்காத பிள்ளை போலத்தான் தெரியும். அம்மா வெளிநாட்டுக்குப் போன பிள்ளை ஏங்கும். சம்பள நாள் இரவில் வீட்டில் நடக்கும் சண்டையைப் பார்க்கும் பிள்ளையும் மறுநாள் அடிக்கும், கடிக்கும். தகப்பன்மார் கோபிக்க வேண்டாம், இதைச் சொல்லாமல் விட முடியாது.

ஒரு சின்ன வேலை தருகிறோம். இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில், பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குத் தேத்தண்ணி குடித்தது, எப்போது தூங்கியது, எப்போது குழப்படி செய்தது என்று எழுதி வையுங்க. எழுத வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுங்க. அடுத்த கிளினிக் நாளில் வளர்ச்சி அட்டையோடு அதையும் கொண்டு வாங்க. கொப்பி இல்லாதவர்கள் போகும்போது ஆயம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்க.