சக்கரம் இறங்காவிட்டால்?



தோட்டத்துச் சரிவில் பாரம் ஏற்றி வரும் லாரிக்குப் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுநர் ஓரத்து மேட்டில் ஏற்றியாவது வண்டியை நிறுத்தப் பார்ப்பார். வானத்தில் மேடும் இல்லை, ஓரமும் இல்லை. விமானம் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்போது சக்கரம் வெளியே வராவிட்டால்?

விமானம் மேலே எழுந்ததும் சக்கரங்கள் உள்ளே மடங்கிவிடும். காற்றின் தடை குறைவதற்காக இந்த ஏற்பாடு. பெரிய விமானங்களில் அவற்றை மடக்கவும் இறக்கவும் குழாய்களில் அழுத்தத்துடன் ஓடும் எண்ணெய் உதவுகிறது. அந்த அழுத்தம் போய்விட்டால் மாற்று வழி ஒன்று உண்டு. விமானி பூட்டை மட்டும் விடுவிப்பார். தூக்கிக் கட்டிய பலகைக் கதவின் கொக்கியை நீக்கினால் அது தன் பாரத்தாலேயே கீழே வருகிறதல்லவா? அப்படியே சக்கரமும் இறங்கிப் பூட்டிக்கொள்ளும்.

இது சிங்கப்பூரில் மெய்யாகவே நடந்தது. 2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள். சிராங்கூன் சாலை பண்டிகைக் கோலத்தில் இருந்தது. அன்று காலை சாங்கி விமான நிலையத்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ-380 விமானம். அதில் 469 பேர் இருந்தனர். சில நிமிடங்களில், பாத்தாம் தீவுக்கு மேலே, இடப்பக்க எஞ்சின் ஒன்று வெடித்தது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்தன; கம்பிகளையும் எண்ணெய்க் குழாய்களையும் அறுத்தன. எஞ்சினுக்குள் இருந்த ஒரு சிறு எண்ணெய்க் குழாய் சரியாகக் கடையப்படாததே காரணம் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது.

தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி அவசரப்படவில்லை. விமானம் வானில் வட்டமிட, விமானிகள் பழுதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். பிறகு பூட்டை விடுவித்தனர். சக்கரங்கள் தம் பாரத்தாலேயே இறங்கின. 4,000 மீட்டர் ஓடுபாதையின் முடிவுக்குச் சுமார் 150 மீட்டர் இருக்கையில் விமானம் நின்றது. நான்கு டயர்கள் காற்றிழந்து போயின.

ஆபத்து அத்துடன் தீரவில்லை. பிரேக்குகள் நெருப்பாய்க் கொதித்தன. பக்கத்தில் எரிபொருள் ஒழுகியது. மற்றோர் எஞ்சினை நிறுத்த முடியவில்லை. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரும் நுரையும் பீய்ச்சினர். அந்நிலையில் வெளியே குதிப்பதைவிட உள்ளே காத்திருப்பதே மேல் என்று விமானிகள் முடிவு செய்தனர். பயணிகள் பொறுமையாக இருந்தனர். பின்னர் ஒரே கதவு வழியாகப் படியில் இறங்கினர். ஒருவருக்கும் காயமில்லை.

இதே சிங்கப்பூரில், 1954ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி, காலாங் விமான நிலையத்தில் இறங்க வந்த ஒரு விமானத்தின் சக்கரம் ஓடுபாதைக்கு முன்னிருந்த சுவரில் மோதியது. விமானம் கவிழ்ந்து தீப்பிடித்தது. 40 பேரில் 33 பேர் மாண்டனர். பயணிகளில் ஒருவர்கூடத் தப்பவில்லை. மீட்பு ஏற்பாடுகளில் இருந்த குறைகள் அப்போது கடுமையாகக் கண்டிக்கப்பட்டன.

நம் குடும்பங்களிலும் பலர் இன்று விமானம் ஏறுகிறார்கள். புறப்படுமுன் பணியாளர் சொல்லும் விளக்கத்தைக் கவனியுங்கள். அருகிலுள்ள கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். உட்காருங்கள் என்றால் உட்காருங்கள். வெளியேறுங்கள் என்றால் பையைத் தேடாமல் உடனே வெளியேறுங்கள். பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.