பெரியவர்களுக்கு எட்டாத தொலைபேசி மருத்துவம்
(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



2020 மார்ச் 25. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய நாள். அதே தேதியில்தான் தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. ஏப்ரல் 13-ல் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை வந்தது. கட்டணமில்லை, வீட்டிலிருந்தே மருத்துவரைப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கு எட்டியதா?

கொரோனா அதிகம் பறித்தது முதியவர்களைத்தான். வெளியே போகாதீர்கள் என்று முதலில் அவர்களிடம்தான் சொன்னோம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு என்று மாத்திரையை நிறுத்த முடியாதவர்களும் அவர்களே. சேவைக்குள் நுழைய என்ன வேண்டும்? செல்பேசி எண் கொடுத்து, வரும் ரகசிய எண்ணைப் பதிந்து, டோக்கன் வாங்கி, காத்திருந்து, பிறகு திரையில் முகம் காட்ட வேண்டும். கண்ணில் புரை விழுந்த உம்மா எந்தப் பொத்தானைத் தேடுவார்? காது மந்தமான வாப்பாவுக்கு டாக்டர் சொன்னது எப்படி விளங்கும்? வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன் யார் பையில் இருக்கிறது? உங்கள் பையில்! (சிரிக்காதீர்கள். கடைக் கணக்கும் அதில்தான், கிரிக்கெட்டும் அதில்தான்.)

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. அந்த விதிமுறைகள் வீடியோவை மட்டும் சொல்லவில்லை. சாதாரணத் தொலைபேசிப் பேச்சையும் ஏற்கின்றன. நோயாளிக்காக, அவரைப் பராமரிப்பவர் பேசவும் இடமுண்டு. முன்பே நேரில் பார்த்த மருத்துவர், அதே நோய்க்கான மருந்தைத் தொடர்ந்து எழுதித் தரலாம். ஆகவே பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவருக்காக உங்கள் ஊர் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் போனில் பேசிக்கொண்டிராதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

தொலைவில் இருப்பவர் நாடி பிடிக்க முடியாது. அவருக்கு எண்கள் வேண்டும். மருந்துக்கடை நடத்தும் சகோதரர்களே! இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றைத் தெருவுக்குப் பொதுவாக வாங்கி வைப்பது உங்களுக்குப் பெரிய செலவா? இளைஞர்களே! வாரம் ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதித் தர உங்களுக்கு நேரமில்லையா?

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வந்தது. திரையால் முடியாததை, வாசல் வரை நடந்து வந்த பணியாளர்கள் செய்தார்கள். உங்கள் தெருவில் யார் பெயரெல்லாம் விடுபட்டிருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

இன்றிரவு கடை அடைத்து வீடு போனதும் வாப்பாவின் பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுங்கள். மருத்துவரின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் படுக்கும் கட்டிலருகே சுவரில் ஒட்டுங்கள்.