ஏழு நாள், எழுநூறு கிலோமீட்டர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இறுதியாண்டு மாணவர்கள் சிலர் ஜனவரி மாதம் ஒரு வாரம் பைக்கில் கட்ச் பாலைவனப் பக்கம் போய்வர ஆசைப்படுகிறார்கள். "அண்ணா, நீங்க ரெண்டு தடவை போயிட்டு வந்திருக்கீங்க, எப்படித் திட்டம் போடறதுன்னு சொல்லுங்க" என்று கேட்டார்கள். சங்கத்தாரும் அதையே இன்றைக்குப் பேசச் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் ஏற்கெனவே ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அகமதாபாத்தில் தொடங்கி கட்ச், ஜெய்சல்மேர், ஜோத்பூர், உதயப்பூர் எல்லாம் சுற்றி ஏழு நாளில் 2,400 கிலோமீட்டர். "ஒரு நாளைக்கு 350 கூட வரலை அண்ணா" என்றார்கள். வகுத்தல் கணக்கு சரிதான். ஆனால் அந்தத் தாளில் ஒரு மணி நேரம்கூட உபரியாக இல்லை. முதல் நாள் ஒரு பஞ்சர் ஆனால், ஏழாம் நாள் வரை அதைத் துரத்திக்கொண்டே ஓட வேண்டும். பாலம் கட்டுகிறவன் வரப்போகும் பாரத்துக்கு மட்டும் கட்டுவதில்லை, அதற்கு மேலும் தாங்கும்படி கட்டுகிறான். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று முதலாண்டிலேயே படிக்கிறோம். பயணத் திட்டத்துக்கு மட்டும் ஏனோ அதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே நான் சொன்ன முதல் யோசனை: கட்ச் ஒரு மாவட்டம் போதும். அது சின்ன மாவட்டம் இல்லை. 45,674 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலத்தைவிடப் பெரியது.

இங்கிருந்தே ஓட்டிக்கொண்டு போனால் போக நாலு நாள், வர நாலு நாள். ஆகவே வண்டியை ரயிலில் பார்சல் போடலாம், அல்லது அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். பார்சல் போடுவதானால் டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல்கள் கையில் வேண்டும். கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, வண்டியைச் சாக்கு சுற்றிக் கட்டிவிட வேண்டும். நம்மோடு வண்டியும் அதே நாளில் வந்து சேரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். அதற்கென்று இரண்டு நாள் முன்னதாகவே ஒதுக்குங்கள்.

அடுத்தது தேதி. பொங்கல் லீவில் கிளம்பலாம் என்பது அவர்கள் யோசனை. நமக்குப் பொங்கல் வரும் நேரத்தில் குஜராத்தில் உத்தராயண். ஜனவரி 14, 15 இரண்டு நாளும் மாநிலம் முழுக்கப் பட்டம் விடுவார்கள். மாஞ்சா தடவிய நூல் சாலைக்குக் குறுக்கே தொங்கும். இரு சக்கர வண்டியில் போகிறவர்களின் கழுத்தை அறுத்து உயிரையே வாங்கியிருக்கிறது. உள்ளூர்க்காரர்களே அந்த நாட்களில் ஹேண்டில்பாரில் வளைந்த கம்பி மாட்டிக்கொண்டு, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். அதனால் 18ஆம் தேதிக்குப் பிறகு புறப்படுங்கள். அப்போதும் மரத்திலும் கம்பத்திலும் அறுந்த நூல் கிடக்கும், கழுத்துத் துணி ஏழு நாளும் இருக்கட்டும்.

இனி பகல் வெளிச்சம். புஜ் நகரம் நம் ஊரைவிட வெகு மேற்கே இருக்கிறது. கடிகாரம் மட்டும் ஒன்று. ஜனவரி நடுவில் சென்னையில் காலை 6.35 வாக்கில் சூரியன் உதித்தால் புஜ்ஜில் ஏறக்குறைய 7.30 ஆகிவிடும். மாலை 6.25 வாக்கில் அஸ்தமனம். மொத்தம் பதினொரு மணி நேரத்துக்கும் குறைவு. காலையில் பத்து டிகிரி அளவில் குளிர், சில நாள் பனிமூட்டம். எட்டரைக்கு முன்னால் வண்டியை எடுக்க வேண்டாம். மதியம் 26, 27 டிகிரி, அருமையான வெயில். காலையில் நாலு சட்டை, மதியம் ஒரு சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று உலர்ந்தது, வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க வேண்டும்.

மாலை ஐந்தரைக்கு வண்டி நின்றுவிட வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. புஜ்ஜுக்கு வடக்கே பன்னி என்றொரு பெரிய புல்வெளி. அங்கே பன்னி எருமை என்று ஒரு தனி இனம் உண்டு, 2010இல் அங்கீகாரம் பெற்றது. அந்த எருமைகள் இரவில்தான் மேயும். பொழுது சாய்ந்ததும் கிளம்பி, விடியற்காலையில் பால் கறக்கத் திரும்பும். கறுப்பு எருமை, கறுப்பு ரோடு, விளக்குக் கம்பம் கிடையாது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

அதே பன்னியில் நமக்குத் தெரிந்த ஒரு ஆசாமியையும் பார்க்கலாம். நம் ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலம்தான். அங்கே அதன் பெயர் 'காண்டோ பாவள்', பைத்தியக்காரக் கருவேலம் என்று அர்த்தம். அதன் முள் டயருக்குள் எப்படி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. டியூப் டயர் என்றால் இரண்டு டியூப், பட்டைக் கம்பி, காற்றடிக்கும் பம்ப் அவசியம். டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட். இவற்றோடு ஒரு கிளட்ச் கேபிள், ஒரு பிளக், செயின் லிங்க், இரண்டு ஃபியூஸ். எல்லாவற்றையும் வீட்டு வாசலில் ஒரு முறை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். கையில் பழகாத ஸ்பேனர் வெறும் சுமை.

பெட்ரோல் விஷயத்தில் ஒரே விதி. பாதி டேங்க் என்றால் நமக்கு அது காலி. பங்க்கைப் பார்த்தால் நிரப்பிவிட வேண்டும்.

ரண் என்ற உப்புவெளியைப் பார்த்ததும் இறங்கி ஓட்டத் தோன்றும். வேண்டாம். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கிறது. அது வற்றி மேலே உப்பு படிகிறது. வெள்ளைப் பாறை மாதிரித் தெரிந்தாலும் அடியில் ஈரக் களிமண். வண்டி இறங்கினால் ஆள் வைத்துத்தான் தூக்க வேண்டும். ரோட்டிலிருந்து நடந்து போய்ப் பாருங்கள். மாலையில் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். வடக்கே போகப் போக எல்லைப் பகுதி. வெள்ளை ரண் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அடையாள அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

இப்போது ஏழு நாளைப் பங்கு போடலாம். முதல் நாள் புஜ்ஜில் வண்டியைச் சரிபார்த்து, 2001 பூகம்பத்தில் இறந்தவர்களுக்காக எழுப்பிய ஸ்மிருதிவனத்தைப் பாருங்கள். இரண்டாம் நாள் தோர்டோவின் வெள்ளை ரண், இரவு காவ்டா பக்கம். மூன்றாம் நாள் காளோ டூங்கர் மலை ஏறி இறங்கி, ரண்ணின் நடுவே போட்ட புதுச் சாலை வழியாக தோலாவீரா. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சிந்துவெளி நகரம் அது. சிவில் படிக்கிறவர்கள் அந்த நீர்த்தேக்கங்களை அவசியம் பார்க்க வேண்டும். மழையை நம்ப முடியாத ஊரில், பெய்கிறபோதே பிடித்து வைத்தவர்கள். நாலாம் நாள் புஜ் திரும்புதல். ஐந்தாம் நாள் காலி. ஆறாம் நாள் லக்பத் கோட்டை, நாராயண் சரோவர். ஏழாம் நாள் நலியா வழியாக மாண்ட்வி. அங்கே ஆற்றங்கரையில் மரக்கப்பல் கட்டுவதைப் பார்த்து, தாபேலி தின்றுவிட்டு புஜ். ஆக மொத்தம் 700, 750 கிலோமீட்டர்.

"இதை நாங்க ஒண்ணரை நாள்ல முடிச்சிடுவோம் அண்ணா, அந்தக் காலி நாள் எதுக்கு?" என்றான் ஒரு தம்பி. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால், பார்சல் தாமதமானால், பனி விலகாவிட்டால், அந்த நாள்தான் உங்களை இருட்டில் ஓட்டவிடாமல் காப்பாற்றும். எதுவும் நடக்கவில்லையா? புஜ் கடைத்தெருவில் சுற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

நண்பர்களே, என் வகுப்பில் 48 பேர் சேர்ந்தோம், 47 பேர் பட்டம் வாங்கினோம். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் ஒரு நண்பன் நாலு பேரோடு பைக்கில் போனான். எல்லோரையும்விட ஓட்டத் தெரியாதவன் அவன்தான். மற்றவர்கள் முன்னால் போய்விட, இரவில் அவர்களைப் பிடிக்க வேகமாக ஓட்டியிருக்கிறான். நின்றுகொண்டிருந்த லாரியின் பின்புறம் அவனுக்குத் தெரியவில்லை. அவனை விட்டுவிட்டு வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. யார் வேகத்தில் போவது என்று கிளம்பும் முன் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த மூன்றையும் கிளம்பும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று, மெதுவாக ஓட்டுகிறவர் இரண்டாவது வண்டி. அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கருவிப் பையோடு கடைசியில் வர வேண்டும். இரண்டு, திருப்பத்தில் பின்வண்டி கண்ணில் படும் வரை முன்வண்டி நகரக் கூடாது. மூன்று, மதியம் இரண்டு மணிக்குப் பாதித் தூரம் தாண்டவில்லை என்றால், அருகில் எந்த ஊரோ அங்கேயே ராத்தங்கல். "இன்னிக்கு என்னால முடியாது" என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. இதைச் சாலையில் நின்று விவாதித்தால் தைரியசாலிதான் ஜெயிப்பான். வீட்டில் உட்கார்ந்து பேசினால்தான் நியாயம் ஜெயிக்கும்.

கடைசியாக, அந்த மாநிலம் 1960இல் உருவான நாளிலிருந்து மதுவிலக்கு மாநிலம். என் வயதுக்காரர்கள் யாராவது கூடவே வருவதாகச் சொன்னால் இதை முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். பாதிப் பேர் நின்றுகொள்வார்கள், கூட்டம் குறையும்!

தம்பிகளே, தங்கைகளே, திட்டத்தின் ஒரு பிரதியை அப்பா அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். போய் வந்தபின் அடுத்த ஆண்டு மலரில் நீங்கள் எழுதுங்கள், நாங்கள் படிக்கிறோம்.