வானூர்தி இருக்கையில் நலமும் தூய்மையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ரயில்வே எழுத்தராகிய நாம் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது கண்டு முன்வரிசையில் சிலர் புன்னகை புரிகின்றனர். புரியட்டும். இருப்புப் பாதையாயினும் வான்வழியாயினும், ஓரிடத்தில் மணிக்கணக்காக அமர்ந்து செல்லும் உடம்பு ஒன்றே.

1999-இல் நெடும்பாசேரி விமான நிலையம் திறக்கப்பட்ட பின், நம் களமசேரித் தமிழ்க் குடும்பங்களுக்கு விமானப் பயணம் எட்டாத ஒன்றாக இல்லை. மகன் துபாயில், மகள் சிங்கப்பூரில். பேரப்பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் பாட்டி புறப்பட்டு விடுகிறார். அறுபத்தைந்து வயதில் முதன்முறையாக விமானம் ஏறும் அத்தாய்மார்களை எண்ணியே இன்று பேசுகிறோம்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கழிவறைக்குப் போக நேருமே என்றஞ்சி, புறப்படுமுன்பே தண்ணீர் பருகுவதை நிறுத்தி விடுவர். சன்னலோரம் இடம் கிடைத்து விட்டாலோ, பக்கத்து இருக்கையிலுள்ள அயலாரை எழுப்பக் கூசி, இறங்கும் வரை அசையாமல் இருப்பர். இதனை நாம் பண்பென்றே போற்றி வந்துள்ளோம். மருத்துவம் அவ்வாறு கருதவில்லை.

பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருப்பதற்கு ஒப்பாகும். உதகமண்டலத்தில் அமர்ந்திருப்பதாகவே கொள்ளலாம். ஆனால் உதகையின் ஈரம் அங்கில்லை. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு 20-க்கும் கீழே. கொச்சியின் புழுக்கத்தில் பழகிய நாவும் தோலும் விரைவில் உலர்ந்து விடும். கால்களைத் தொங்கவிட்டபடி நெடுநேரம் அசையாதிருந்தால், ஆழ்ந்த நாளங்களில் குருதி தேங்கி உறையக்கூடும். அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இவ்வபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவித்தது. பெரிதும் அஞ்ச வேண்டா. நலமுள்ளோரில் சுமார் 6,000 பேரில் ஒருவர்க்கே இது நேரக்கூடும். ரயிலுக்கும் பேருந்துக்கும் இது பொருந்தும் என்றும் அவ்வறிக்கை கூறுவதால், நம் இலாகாவும் தப்பவில்லை!

ஆகவே, முதியோர்க்கு நடைபாதையோர இருக்கையையே கேட்டு வாங்குக. மணிக்கொரு முறையேனும் அவர்கள் எழுந்து நடக்கட்டும். இயலாதபோது குதிகாலை ஊன்றி விரல்களையும், விரல்களை ஊன்றிக் குதிகாலையும் மாறி மாறி உயர்த்தட்டும். தையல் இயந்திரம் மிதித்த கால்களுக்கு இது புதிதன்று. முன்னமே உறைகட்டி கண்டவரும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவரும் டாக்டரைக் கேட்ட பின்பே பயணச்சீட்டு வாங்குதல் நலம்.

கழிவறை என்ற சொல்லைச் சபையில் உரைக்கலாமோ எனில், 1909-இல் வங்காளத்துப் பிரயாணி ஒருவர், ஓகில் சந்திர சென் என்பவர், பலாப்பழம் உண்டு வயிறு உப்பி, ஒதுங்கச் சென்ற இடத்தில் ரயிலைத் தவறவிட்ட கதையை ரயில்வே அதிகாரிக்கே எழுதியனுப்பினார். கீழ்வகுப்பு வண்டிகளில் கழிவறை அமைய அக்கடிதமே தூண்டுதல் என்பர். அது புதுதில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது. அவர் கூசியிருந்தால் நமக்கன்றோ நட்டம்!

விமானக் கழிவறையில் பெரும்பாலும் காகிதமே இருக்கும்; நம்மவர்க்கோ நீர் வேண்டும். சிறிய பிளாஸ்டிக் குவளை ஒன்று கைப்பையில் இருந்தால் அங்குள்ள குழாயில் பிடித்துக் கொள்ளலாம். அந்நீர் பருகுவதற்கன்று. செருப்பின்றி உள்ளே செல்லலாகாது; தரையிலுள்ள ஈரம் தண்ணீர்தான் என்று எவர் உறுதி கூற வல்லார்? பொத்தானை அழுத்தியதும் பேரோசை எழும். அது கழிவை உறிஞ்சும் ஒலியே, விமானத்துக்குக் கேடொன்றுமில்லை என முன்கூட்டியே சொல்லி அனுப்புக.

துணித் தூய்மையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஃபோர்ட் கொச்சி தோபிக்கானாவில் தலைமுறைகளாக வெளுத்து வருவோர் நம் தமிழரே. ஆனால் இருக்கையை வெளுக்க முடியாதல்லவா? அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னிருக்கைப் பையின் துணியில் ஒருவகை நோய்க்கிருமி ஏழு நாளும், கைப்பிடியில் வேறொன்று நான்கு நாளும் உயிரோடிருந்தன. எனவே பிள்ளையின் பால்புட்டியை அப்பையில் செருகாதீர். உணவுப் பலகையையும் கைப்பிடியையும் கிருமிநாசினி தோய்ந்த தாளால் துடைத்து, பின் கையையும் துடைத்த பிறகே பொட்டலத்தைப் பிரித்தல் வேண்டும். காற்றைப் பற்றி அத்துணைக் கவலை வேண்டா. பெரும்பாலான பெரிய விமானங்களில் நுண்வடிகட்டிகள் உள்ளன.

பன்னாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைக் கைப்பையில் பெரும்பாலும் விடமாட்டார்கள். வெறும் புட்டியாகக் கொண்டு சென்று, சோதனை கடந்தபின் நிரப்பிக் கொள்க. தளர்ந்த பருத்தியாடை, கால் வீங்கினாலும் இறுக்காத செருப்பு, குளிருக்கு நம் வீட்டுப் போர்வை ஆகிய இவை போதும்.

அயலாரை எழுப்ப ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்ற சொல்லைப் பேரப்பிள்ளைகள் தொலைபேசியிலேயே பாட்டிக்குப் பழக்கலாம். சொல்ல நா எழாவிடில், புன்னகையோடு வழியைக் கைகாட்டினாலும் எழுந்து விடுவர்.

கோலாட்டத்துக்குச் சிறுமியர் திரைக்குப் பின்னே காத்து நிற்கின்றனர்.