குடலை வெட்டாம பாலிப்பை எடுக்க முடியுமா?

போன வாரம் ஏன் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அப்பாவோட ஆஸ்பத்திரியில இருந்தேன். இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன்.

அப்பாவுக்கு 58 வயசு. மலத்துல ரத்தம் வந்திருக்கு. "மூலமா இருக்கும்"னு அவரே முடிவு பண்ணி ஆறு மாசம் யார்கிட்டயும் சொல்லல. கடைசியில கொலோனோஸ்கோபி பண்ணினா, பெருங்குடல்ல 3 சென்டிமீட்டர்ல ஒரு பாலிப். காளான் மாதிரி காம்போட இருந்தா சுலபமா வெட்டிடலாமாம். இது பாய் விரிச்ச மாதிரி தட்டையா இருந்துச்சு. பயாப்சியில புற்றுநோய் இல்லை. ஆனா விட்டா அப்படி மாறலாம். முதல்ல பார்த்த டாக்டர், அந்தப் பகுதிக் குடலையே வெட்டி எடுக்கணும்னார். அம்மா அழுதுட்டாங்க.

வேற ஒரு குடல்நோய் நிபுணர்கிட்ட போனோம். "எண்டோஸ்கோபியிலயே எடுக்க முடியுமா சார்?"னு கேட்டேன். ஒரு பேப்பர்ல படம் வரைஞ்சு விளக்கினார்.

குடல் சுவர் சில மில்லிமீட்டர்தான். நேரா வெட்டினா ஓட்டை விழலாம். அதனால பாலிப்புக்கு அடியில நீலச் சாயம் கலந்த உப்புத்தண்ணியை ஊசியில ஏத்துவாங்க. கொப்புளம் மாதிரி பாலிப் மேல எழும்பும். அப்புறம் கம்பிச் சுருக்குப் போட்டு, மின்சாரத்தால வெட்டுவாங்க. இதுதான் இஎம்ஆர். பெரிய பாலிப்பைத் துண்டு துண்டா எடுக்கறதால, மிச்சம் இருந்து திரும்ப வளர வாய்ப்பு உண்டு.

இன்னொண்ணு இஎஸ்டி. இரைப்பையின் ஆரம்பநிலைப் புற்றுநோய்க்காக 1990கள்ல ஜப்பான்ல வளர்ந்த முறை. குட்டிக் கத்தியால அடியில இருந்து உரிச்சு, முழுசா ஒரே துண்டா எடுப்பாங்க. நேரம் அதிகம், கை பழகின டாக்டர் வேணும்.

தண்ணி ஏத்தியும் பாலிப் எழும்பலைன்னா? பழைய பயாப்சியோட தழும்பா இருக்கலாம், இல்ல புற்று ஆழமா இறங்கியிருக்கலாம். அப்ப ஆபரேஷனே சரியான வழியாவும் இருக்கலாம். அதனால முதல் டாக்டரை நான் குத்தம் சொல்ல வரல.

அப்பாவுக்கு எழும்பிடுச்சு. இஎம்ஆர்தான் பண்ணினாங்க. வயித்துல ஒரு தையல்கூட இல்ல. ரத்தக்கசிவு வருதான்னு ஒரு ராத்திரி வெச்சுப் பார்த்துட்டு, மறுநாள் அனுப்பிட்டாங்க. ரிப்போர்ட்லயும் புற்றுநோய் இல்லை. ஆறு மாசத்துல மறுபடி பார்க்கணும்.

கிளம்பும்போது டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களும் 40 வயசுல கொலோனோஸ்கோபி பண்ணிக்கணும்"னார். குடும்பத்துல இப்படி இருந்தா நமக்கும் ரிஸ்க் கூடுதலாம்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாகிட்ட பேசுங்க. கூச்சத்துல அவங்களும் எதையாவது சொல்லாம வெச்சிருக்கலாம்.