ஓதற்பிரிவும் மீளாப் பிரிவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தொல்காப்பியம் அகத்திணையியலில் பிரிவுக்குரிய காரணங்களை எண்ணும்போது ஓதலை முதலில் வைக்கிறது. பகையும் தூதும் அதன் பின்னரே வருகின்றன. கற்பியல் அப்பிரிவுக்கு எல்லையும் வகுக்கிறது. கல்வியின் பொருட்டுப் பிரிந்தவன் மூன்றாண்டைக் கடத்தலாகாது என்பது அது. கடல் கடக்கும் செலவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்று மற்றொரு நூற்பாவுக்குப் பொருள் கொள்வோரும் உண்டு. ஆகவே, ஓதப் போகலாம். உரிய காலத்தில் மீள வேண்டும். கடலாயின் ஆடவன் தனியே செல்ல வேண்டும். இவ்வரையறைகள் மூன்றும் சென்ற நூற்றாண்டில் சிதம்பரத்தோடு தொடர்புடைய ஒரு குடும்பத்தில் எவ்வாறு மாறின என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

1952ஆம் ஆண்டு சிதம்பரத்தில் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் பிறந்தார். அப்போது தந்தை சி. வி. இராமகிருஷ்ணன் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டிருந்தார். தாய் இராஜலட்சுமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஆற்றினார். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் இராஜலட்சுமி கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு செய்து, பதினெட்டே திங்களில் அதனை முடித்து, 1959இல் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர் ஊர் திரும்பினார்; பரோடாவில் ஊட்டச்சத்து ஆய்வில் ஈடுபட்டார். கடல் கடந்து ஓதியவர் ஒரு பெண். மூன்றாண்டு எல்லைக்குள் மீண்டவரும் அவரே. ஒரு வரையறையை மீறி மற்றொன்றைக் காத்தவர் எனலாம்.

மகன் பரோடாவில் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்று, 1971இல் பத்தொன்பது வயதில் அமெரிக்காவின் ஒகாயோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1976இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் அவர் திரும்பவில்லை. உயிரியலை முதலிலிருந்து கற்க விரும்பி மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். பல கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி வாய்க்காத காலமும் அவருக்கு இருந்தது. ஓரிடத்தில் தங்குவது என்பது சுகம் தேடிய தங்கலே என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

தாய் மீண்டார், மகன் மீளவில்லை என்றவுடன் தாயைப் போற்றி மகனைக் குறை கூறுவது எளிது. ஆனால் குணத்தைக் காரணம் காட்டுமுன் கதவைப் பார்க்க வேண்டும். 1951இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 150 இந்தியரையே கனடா குடியேற ஏற்றது. 1957இல் அது 300 ஆயிற்று. அமெரிக்காவோ 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 100 இந்தியரையே ஏற்றது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஒதுக்கீட்டு முறையை நீக்கியது. 1967இல் கனடா புள்ளி முறையைக் கொணர்ந்தது. இராஜலட்சுமிக்கு மீள்வதற்குரிய காரணங்கள் பரோடாவிலேயே இருந்தன. கணவரும் மகனும் அங்கிருந்தனர். எனினும் அவர் தலைமுறையில் ஓதச் சென்றோர் பலருக்குத் தங்குவது என்னும் வினாவே எழ வழியில்லை. அவ்வினாவை முதன்முதலில் பெருமளவில் எதிர்கொண்ட தலைமுறை மகனுடையது.

2009இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு, தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனுக்கும் வழங்கப்பட்டது. உயிரணுவில் புரதம் உருவாகும் இடமான ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக அப்பரிசு கிடைத்தது. உடனே உரிமை கொண்டாடும் குரல்கள் எழுந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கற்பித்ததாகச் சொன்னவரும் உளர். மூன்று வயதில் ஊரை விட்டுச் சென்றவர் அங்கே பயின்றதில்லை. அதனை அவரே மறுத்துரைக்க நேர்ந்தது. நாட்டுரிமை பிறப்பால் நேரும் தற்செயல் என்னும் கருத்தையும் அவர் வெளியிட்டார். அச்சொல் பலரைப் புண்படுத்தியது.

புண்படத்தான் வேண்டுமா என்பது கேட்கத்தக்க வினா. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில். தந்தையின் அரசுப் பணி காரணமாக அக்குடும்பம் அங்கிருந்தது. எனினும் அவர் எழுத்தில் ஒலிப்பது நெல்லைத் தமிழ். கடலூர் அதற்காக அவரிடம் வழக்காடியதில்லை. ஜெயகாந்தன் பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். அவரை ஆக்கியது சென்னை. இலங்கையில் பிறந்த தனிநாயக அடிகள் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஓதச் சேர்ந்தார். ஓதி முடித்து இலங்கையிலும் மலேயாவிலும் பேராசிரியப் பணி செய்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெறவும் முன்னின்றார். அவர் சிதம்பரத்திலேயே தங்கவில்லை என்று எவரும் வருந்தியதில்லை. வந்து கற்றவர் சென்றதைப் பெருமையாகக் கொள்ளும் ஊர், சென்று கற்றவர் தங்கியதைத் துரோகமாகக் கொள்வது முறையாகாது.

இவ்விடத்துச் சொல் ஒன்றையும் ஆராய வேண்டும். வெளிநாட்டில் தங்கும் உரிமையைத் தமிழ் நாளிதழ்கள் பலகாலும் ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று எழுதுகின்றன. அது பிழை. அவ்வுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாகவே நீடிக்கிறார். வேற்றுநாட்டுக் குடியுரிமையைத் தாமே விரும்பி ஏற்கும்போதுதான் இந்தியச் சட்டப்படி அவரது குடியுரிமை நீங்குகிறது. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘வதிவிட உரிமை’ என்பதே பொருத்தமான சொல். ‘நிரந்தரம்’ என்னும் அடைமொழியும் ஐயத்துக்குரியது. அமெரிக்காவில் அவ்வுரிமை பெற்றவர் முன் அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் அதனை இழக்க நேரலாம். கனடாவில் ஐந்தாண்டில் 730 நாளேனும் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். தாய் படுக்கையில் கிடக்கும்போது கடலூருக்கு வந்தவர், எத்தனை நாள் உடனிருக்கலாம் என்று நாட்காட்டியைப் புரட்டும் நிலை இதனால் விளைகிறது. தங்கும் உரிமை என்பது தங்கியாக வேண்டிய கடமையுமாகும்.

அதனைப் பெறும் வழியோ இன்று நெடிது. அமெரிக்காவில் ஓத விழையும் மாணவர் விசா நேர்காணலில் முதலில் உறுதிப்படுத்த வேண்டியது, படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்பதே. படித்து முடித்தபின் ஓராண்டுப் பணிப் பயிற்சி. அறிவியல், பொறியியல் பயின்றோர்க்கு மேலும் இரண்டாண்டு. பின்னர், குலுக்கலில் பெயர் விழுந்தால், ஆறாண்டு எல்லையுடைய பணி விசா. அதன்பின் வதிவிட உரிமைக்கான வரிசை. வேலையின் அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 உரிமைகள் வழங்கப்படுகின்றன. பொதுவிதிப்படி எந்நாட்டினரும் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் பெற இயலாது. சிறிய நாட்டுக்கும் அதே அளவு, இந்தியாவுக்கும் அதே அளவு. எனவே இந்தியர் வரிசை பல்லாண்டு நீள்கிறது. பெற்றோர் காத்திருக்கையிலேயே பிள்ளைக்கு இருபத்தொரு வயது நிறைந்துவிட்டால், அப்பிள்ளை பெற்றோரின் வரிசையிலிருந்து விலக நேர்வதும் உண்டு.

முல்லைத் திணையின் தலைவி காத்திருந்தாள். அவளுக்குக் கார்காலம் என்னும் எல்லை இருந்தது. முல்லை அரும்பியது, தேரொலி கேட்டது, தலைவன் வந்தான். இன்று காத்திருப்பவர்களுக்குக் கார்காலம் இல்லை. மேலும், காத்திருப்பவர் வீட்டிலுள்ளவர் மட்டும் அல்லர். பிரிந்து சென்றவரும் காத்திருக்கிறார். ஊருக்கு வந்தால் மீண்டும் நுழைய முடியுமோ என்னும் அச்சத்தால் தங்கையின் திருமணத்தைத் தொலைவிலிருந்து கண்டவருக்கும், தந்தையின் ஈமக்கடனுக்கு வர இயலாதவருக்கும் எந்தத் திணையில் இடம் உண்டு? பாலையின் வெம்மையும் முல்லையின் இருத்தலும் ஒருங்கே அமைந்த இந்நிலைக்கு இலக்கணம் இன்னும் வகுக்கப்படவில்லை. இலக்கணம் பிறகு வரட்டும். இலக்கியம் முன்னே பிறக்க வேண்டும்.

ஆயின், தமிழ்க் கவிதையில் வெளிநாடு சென்றோர் பெரும்பாலும் இரண்டு வேடங்களிலேயே தோன்றுகின்றனர். ஒருவர் டாலருக்கு மண்ணை விற்றவர். மற்றவர் மண்ணின் பெருமையை உலகுக்கு உணர்த்தியவர். முன்னது வசை, பின்னது வாழ்த்து. இரண்டிலும் மனிதர் இல்லை. தங்குவது என்னும் முடிவு பெரும்பாலும் ஒரு நாளில் எடுக்கப்படுவதன்று. இந்த ஆய்வு முடியட்டும் என்பார்கள். இந்தக் கடன் தீரட்டும், குழந்தை இவ்வாண்டுப் பள்ளியை முடிக்கட்டும் என்பார்கள். அத்தகைய சிறு தவணைகள் கூடியே ‘நிரந்தரம்’ ஆகிறது. திரும்பி வருவேன் என்று விமான நிலையத்தில் சொன்னது பொய்யன்று. சொன்ன நாளில் அது உண்மையே.

வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனும் அமெரிக்காவில் நிலைத்துவிடவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1999இல் அதனையும் விட்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்குச் சென்றார். நீண்டகால ஆய்வுக்கு உறுதியான துணை அங்கே கிடைக்கும் என்பது காரணம். 2015 முதல் 2020 வரை இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக விளங்கினார். ஆய்வு எங்கே நடக்குமோ அங்கே ஆய்வாளர் செல்கிறார். ஆதலால் ‘ஏன் திரும்பவில்லை’ என்று மகனைக் கேட்கும் ஊர், ‘திரும்பினால் செய்ய இங்கே என்ன வைத்திருக்கிறோம்’ என்று தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வகமும் நூலகமும் தகுதி நோக்கிய பணி நியமனமும் இருக்குமாயின் சிலர் திரும்புவர். வேறு நாட்டினரும் ஓத வருவர். அவை இல்லாதபோது பிறந்த மண் என்னும் உரிமை, பரிசு கிடைத்த மறுநாள் எழுப்பும் வாழ்த்துப் பதாகையாகவே நின்றுவிடும்.

கவிஞர் பெருமக்களே, இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், மீளாதவரின் பாட்டு ஒன்றேனும் வசையும் வாழ்த்தும் இன்றி எழுதப்படுமாயின் அது தமிழின் அகமரபுக்குப் புதிய வரவாகும். கடலூரிலும் சிதம்பரத்திலும் தொலைபேசி அருகே அமர்ந்து, அங்கே இப்போது பகலா இரவா என்று கணக்கிடும் தாய்மார் பலர். தொல்காப்பியர் கூறிய மூன்றாண்டு அவர்களுக்கு எப்போதோ கடந்துவிட்டது. அவர்களுக்கு உரிய சொல்லைத் தேடித் தருவது கவிஞர் கடன்.