திரும்புற நேரத்தை முதல்லயே குறிச்சுக்கோங்க

 

போன எபிசோட் கேட்டுட்டு உங்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: "வெளிநாட்டுல படிக்கும்போது ஊர் சுத்தக் காசும் நேரமும் எப்படிக் கிடைச்சுது?" பதில் சொல்றேன். அதோட சேர்த்து இன்னொரு விஷயமும் பேசணும். மலைக்குப் போறவங்க யாரும் ரீல்ஸ்ல போடாத விஷயம் அது. உச்சிக்குப் போகாம பாதியிலேயே திரும்பி வர்றது.

முதல்ல காசு. நான் மாஸ்டர்ஸ் படிச்சது ஜெர்மனியில, மியூனிக் நகரத்துல. ஸ்டூடண்ட் விசாவுல ஜெர்மனி போறவங்களுக்கு பிளாக்டு அக்கவுண்ட் பத்தித் தெரிஞ்சிருக்கும். ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை மொத்தமா முன்னாடியே போட்டு வைக்கணும். 2023-ல அது 11,208 யூரோ. அதுல இருந்து மாசம் 934 யூரோதான் கைக்கு வரும். மியூனிக் வாடகை எப்படி இருக்கும்னு அங்க இருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க, பெருமூச்சுதான் பதிலா வரும். வாடகை, இன்சூரன்ஸ், அரிசி, பருப்பு போக மிச்சம் இருக்கிற காசுல 'டிராவல்'னு யோசிச்சாலே குற்ற உணர்ச்சி வந்துடும். அப்பா ஊர்ல கடன் கட்டிட்டு இருக்கார், நாம இங்க மலை பார்க்கப் போறோமான்னு.

அந்த வருஷம் மே மாசம் ஒரு நல்லது நடந்துச்சு. டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்துச்சு. அப்போ மாசம் 49 யூரோ. அந்த ஒரே டிக்கெட்ல நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, ரீஜனல் ரயில் எல்லாத்துலயும் போகலாம். ஐசிஇ மாதிரி வேகமான ரயில்ல மட்டும் ஏற முடியாது. இப்போ விலை ஏறிடுச்சு, ஆனாலும் மாணவர்களுக்கு அது பெரிய உதவிதான். அது இல்லாதவங்களுக்கு பயர்ன் டிக்கெட்னு ஒண்ணு இருக்கு. அஞ்சு பேர் வரைக்கும் சேர்ந்து ஒரே டிக்கெட்ல ஒரு நாள் முழுக்க பவேரியா மாநிலத்தைச் சுத்தலாம். வேலை நாள்ல மட்டும் காலை ஒன்பது மணிக்கு அப்புறம்தான் செல்லும்.

மியூனிக்ல இருந்து தெற்கே ரீஜனல் ரயில்ல ஏறினா கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரத்துல கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் வந்துடும். 1936 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். அந்தப் போட்டிக்காக 1935-ல கார்மிஷ், பார்ட்டன்கிர்ஷன்னு ரெண்டு ஊரை ஒண்ணா இணைச்சாங்க, அதான் பேர் இவ்வளவு நீளம். அந்த ஊருக்குப் பின்னாடி நிக்கிறதுதான் சூக்ஷ்பிட்ஸ், ஜெர்மனியிலேயே உயரமான மலை. 2962 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2637 மீட்டர், அதைவிட முந்நூறு மீட்டருக்கு மேல உயரம்.

மேல போறதுக்கு 1930-ல இருந்தே பல்சக்கர ரயில் இருக்கு. 2017-ல புது கேபிள் காரும் வந்துடுச்சு. ஆனா மாணவர்களுக்கு அந்த டிக்கெட் கொஞ்சம் கனம். நடந்து போகவும் வழி இருக்கு. அதுல ரொம்பப் பேர் போறது ரைன்டால் பள்ளத்தாக்கு வழி. கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர், 2200 மீட்டருக்கு மேல ஏற்றம். ஒரே நாள்ல ஏறுற ஆட்களும் உண்டு. எங்களை மாதிரி லைப்ரரியில உட்கார்ந்தே உடம்பு வளர்த்தவங்களுக்கு ரெண்டு நாள்.

2023 செப்டம்பர். மியூனிக் முழுக்க அக்டோபர்ஃபெஸ்ட் கூட்டம், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. மூணு பேர் கிளம்பினோம். நான். அப்புறம் எங்க சீனியர், மதுரைக்காரர், நாங்க 'அண்ணே'ன்னு கூப்பிடுவோம். மூணாவது, என் லேப்ல கூடப் படிச்ச தெஹ்ரான் பொண்ணு. தெஹ்ரானுக்கு வடக்கே தோச்சால்னு கிட்டத்தட்ட 4000 மீட்டர் மலை இருக்கு. அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு, லீவு நாள்னா குடும்பம் குடும்பமா மலைப்பக்கம் நடக்கப் போவாங்களாம். அதனால எங்க மூணு பேர்ல மலையைப் பத்தித் தெரிஞ்ச ஆள் அவதான்.

சனிக்கிழமை காலையில ரயில். ஸ்டேஷன்ல இருந்து பழைய ஒலிம்பிக் ஸ்கீ மைதானம் வழியா நடந்தா பார்ட்நாக் இடுக்கு வரும். 700 மீட்டர் நீளத்துக்குப் பாறையை ஆறு அறுத்து வச்சிருக்கு. ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி 80 மீட்டர் வரைக்கும் பாறை. நடுவுல தண்ணி உறுமுது, பக்கத்துல நடக்கிறவங்க பேசினாக்கூடக் கேக்காது. அதைத் தாண்டினா காடு, ஆறு, மறுபடி காடு. சாயந்திரம் ரைன்டாலாங்கர் மலைக்குடில் போய்ச் சேர்ந்தோம். 1370 மீட்டர் உயரத்துல, ஆத்தங்கரையில இருக்கு.

மலைக்குடில் பத்தி ஒரு வார்த்தை. ஹோட்டல்னு நினைச்சுடாதீங்க. ஒரே அறையில வரிசையா மெத்தை, அறிமுகமே இல்லாதவங்களோட தோளுக்குத் தோள் படுக்கணும். ஷூவை வெளியிலயே கழட்டிடணும். மெல்லிசான துணிப்பை மாதிரி ஒரு உறை நாமே கொண்டு போகணும், அதுக்குள்ள நுழைஞ்சுதான் தூங்கணும். ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது. கார்டை மட்டும் நம்பிப் போகாம கையில ரொக்கமும் வச்சிருங்க. அப்புறம், குடில்ல ஒரு நோட்டு இருக்கும். பேர், எங்க இருந்து வர்றோம், நாளைக்கு எங்க போறோம்னு எழுதணும். நாம காணாமப் போனா எங்க தேடுறதுன்னு தெரியறதுக்குத்தான் அது.

சூப் குடிச்சுட்டு இருக்கும்போது தெஹ்ரான் தோழி கேட்டா: "நாளைக்கு எப்போ திரும்புவோம்?"

அண்ணன் சிரிச்சார். "உச்சிக்குப் போயிட்டுத்தான்!"

"அது இல்ல. எது நடந்தா உச்சிக்குப் போகாமலே திரும்புவோம்?"

எங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கேள்வியே புதுசு. அவ விளக்கினா. மலையில மேல போனதும் முடிவெடுக்கலாம்னு நினைச்சா, முடிவெடுக்கிற நேரத்துல நாம களைச்சுப் போயிருப்போம், குளிரும், செலவழிச்ச காசும் ரெண்டு நாளும் மண்டைக்குள்ள ஓடும். இவ்வளவு தூரம் வந்தாச்சேன்னு தோணும். இப்போ சூடா உட்கார்ந்திருக்கோம், யாருக்கும் இழக்க ஒண்ணும் இல்ல. அதனால இப்பவே பேசிடணும்.

அவ சொன்னது எவ்வளவு நிஜம்னு அந்த மலையோட வரலாறே சொல்லும். 1820 ஆகஸ்ட் 27, யோசஃப் நவுஸ்ங்கிற ராணுவ அதிகாரியும் கூட இருந்தவங்களும் முதல்முறையா அந்த உச்சியைத் தொட்டதாப் பதிவு இருக்கு. அவங்க போனதும் இதே ரைன்டால் வழிதான். உச்சியில அவங்களை வரவேத்தது இடியும் மின்னலும். ரொம்ப நாள் முன்னாடி நடந்ததுன்னு நினைக்காதீங்க. 2008 ஜூலை 13, நடு கோடைக்காலம். அந்த மலையில ஓட்டப் போட்டி நடந்துச்சு. வானிலை திடீர்னு மாறி பனி கொட்ட, மெல்லிசான உடையில ஓடிட்டு இருந்தவங்கள்ல ரெண்டு பேர் குளிர்லயும் களைப்புலயும் இறந்துட்டாங்க. நல்லா ஓடிப் பழகினவங்க அவங்க.

கணக்கு சுலபம். 1000 மீட்டர் ஏறினா சராசரியா ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். மியூனிக் 520 மீட்டர்ல இருக்கு. அங்க 20 டிகிரின்னா உச்சியில அஞ்சுக்குப் பக்கத்துல இருக்கும். காத்தும் ஈரமும் சேர்ந்தா உடம்புக்கு அது இன்னும் கீழதான். மியூனிக்ல டீ-ஷர்ட் போட்டுட்டு இருக்கும்போது இது நம்ம மண்டையில ஏறாது.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு விதி போட்டோம். அடுத்த நிறுத்தம் க்னோர் குடில், 2051 மீட்டர். பத்து மணிக்குள்ள அங்க போய்ச் சேரலைன்னா திரும்பணும். சேர்ந்தாலும், மேல இருக்கிற பாறை முகடு கண்ணுக்குத் தெரியலைன்னா திரும்பணும். மூணு பேரும் சரின்னோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே க்னோர் குடில் போயிட்டோம். முதல் விதி பாஸ். ஆனா முகடு இல்ல. மேகம் இறங்கி வெள்ளைத் துணி போட்டு மூடின மாதிரி இருக்கு. மழைத்துளியோட சேர்ந்து பொடிப் பொடியா பனி விழ ஆரம்பிச்சுது. அதுக்கு மேல கல்லும் சரளையும்தான். மூடுபனியில பாதையைக் கண்டுபிடிக்கிறதே கஷ்டம். கடைசிப் பகுதியில இரும்புக் கம்பியைப் பிடிச்சுத்தான் ஏறணும்.

அண்ணன் போனை எடுத்துக் கணக்குப் போட்டார். "911 மீட்டர்தான்டா பாக்கி." கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவாச் சொன்னார்: "நான் அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். இனி எப்போ இங்க வரப்போறேன்? உச்சியில இருந்து போட்டோ அனுப்புறேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. எனக்கும் மனசு மேல இழுத்துச்சு. அந்த நேரம் பார்த்து ஹெல்மெட், கயிறு எல்லாம் வச்சிருந்த ரெண்டு பேர் எங்களைத் தாண்டி மேல ஏறிப் போறாங்க. அவங்க முதுகையே பார்த்துட்டு நின்னோம்.

தோழி வாதாடவே இல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "நேத்து ராத்திரி நாம பேசினதுல எதாவது மாறியிருக்கா?"

எதுவும் மாறல. அண்ணன் டீயைக் குடிச்சு முடிச்சார், பையோட வாரை இறுக்கினார், கீழ் நோக்கி முதல் ஆளா நடக்க ஆரம்பிச்சார்.

இங்க ஒண்ணு சொல்லணும். மேல போன அந்த ரெண்டு பேரும் பத்திரமாப் போய்ச் சேர்ந்திருப்பாங்க. ஒருவேளை நாங்களும் போயிருப்போம். திரும்பி வந்தவங்களுக்கு "நீ செஞ்சது சரி"ன்னு யாரும் சர்டிபிகேட் தர மாட்டாங்க. உச்சிக்குப் போனா போட்டோ கிடைக்கும். திரும்பி வந்தா முட்டி வலிதான். அதனாலதான் அந்த முடிவு அவ்வளவு கஷ்டமா இருக்கு.

இறங்கும்போது ரொம்ப தூரம் அண்ணன் பேசவே இல்ல. ஆத்தங்கரை வந்ததும் அவரே ஆரம்பிச்சார். ஜெர்மனியில படிச்சு முடிச்சவங்களுக்கு வேலை தேட 18 மாசம் வரைக்கும் அனுமதி தருவாங்க. அவருக்கு அதுல இன்னும் ஆறு மாசம் பாக்கி. எல்லாரும் கேட்டாங்களாம், "ஆறு மாசம் இருக்கும்போது ஏன் போற? இவ்வளவு செலவு பண்ணியாச்சே?"ன்னு. அவர் சொன்னார்: "படிப்பு முடிஞ்ச அன்னைக்கே நானும் அப்பாவும் போன்ல பேசி வச்சுட்டோம்டா. ஒரு வருஷம். அதுக்குள்ள என் துறையில வேலை கிடைக்கலைன்னா, கைக்காசு கரையறதுக்கு முன்னாடி ஊருக்கு வந்துடணும், அங்க பார்த்துக்கலாம்னு. அப்போ ஈசியா சொல்லிட்டேன். இப்போ ஒவ்வொரு நாளும், இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு அப்ளிகேஷன்னு மனசு இழுக்குது."

வெளிநாட்டுல இருந்து திரும்பினா தோத்துட்டான்னு சொல்ற ஊர் நம்ம ஊர். ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வர்ற முப்பது பேர்ல ஒருத்தர்கூட "எப்போ வேணா திரும்பி வாடா"ன்னு சொல்றதில்ல. அண்ணனோட அப்பா சொல்லியிருக்கார். அது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

எல்லாரும் திரும்பி வந்துடுங்கன்னு நான் சொல்லல. தங்கி ஜெயிச்சவங்களும் இருக்காங்க. எப்போ திரும்பணும்ங்கிறதை மூச்சு வாங்கும்போது முடிவு பண்ணாதீங்க, நிதானமா இருக்கும்போதே நம்பிக்கையான ஒருத்தரோட பேசி வச்சுக்கோங்க. அவ்வளவுதான் சொல்ல வர்றேன்.

சரி, கிளம்புறவங்களுக்குச் சில குறிப்பு. ஜெர்மனியில ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், சாப்பாட்டைச் சனிக்கிழமையே வாங்கிடுங்க. மலைப்பாதை பலகையில பெரும்பாலும் கிலோமீட்டர் இருக்காது, எத்தனை மணி நேரம்னுதான் போட்டிருக்கும். நீலப் புள்ளின்னா சுலபம், சிவப்புன்னா நடுத்தரம், கருப்புன்னா கடினம். கருப்புல பழக்கம் இல்லாம கால் வைக்காதீங்க. குடில் நடத்துறவங்ககிட்ட காலையில வானிலை கேளுங்க, அவங்களுக்கு அந்த மலை அத்துப்படி. அவசரம்னா 112. சிக்னல் இல்லைன்னா டார்ச்சோ விசிலோ போதும்: ஒரு நிமிஷத்துக்கு ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடியும் ஆறு. பதிலுக்கு நிமிஷத்துக்கு மூணு தடவை வந்தா, உங்களைப் பார்த்துட்டாங்கன்னு அர்த்தம்.

அண்ணன் இப்போ மதுரையிலதான் இருக்கார், அவர் துறையிலேயே வேலை. இந்த எபிசோட் பேசலாமான்னு கேட்டேன். "பேசு, ஆனா 911 மீட்டர்னு சரியாச் சொல்லு"ன்னார். [சிரிப்பு]

சொல்லிட்டேன் அண்ணே.

அடுத்த வாரம் வேற கதையோட வர்றேன். அதுவரைக்கும் உடம்பைப் பார்த்துக்கோங்க, வீட்டுக்கு ஒரு போன் போடுங்க.